கன்னிமூலைக்கு ஒரு செங்கோணம்

மகேஷ்,

இதை உனக்குத் தனியாக அனுப்பினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கட்டைவிரலை உயர்த்திய மஞ்சள் பொம்மை ஒன்று வரும், அதோடு சரி. ஃபோனில் கூப்பிட்டால் "மீட்டிங்கிலாக்கும் அம்மா, அப்புறம் விளிக்கறேன்" என்கிறாய். நேரில் வந்தாலோ, நான் செருப்பைக் கழற்றுவதற்குள் நீயும் உன் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்கிறீர்கள். அதனால்தான் இதை நம் குடும்ப வாட்ஸாப் குழுவிலேயே போடுகிறேன். உன் சித்தி, அத்தை, பெங்களூரில் இருக்கிற பிள்ளைகள் எல்லாரும் படிக்கட்டும். அவர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு "என்னடா ஆச்சு?" என்று உன்னைப் பிடுங்கி எடுக்கும்போது, அந்த எரிச்சலிலாவது நீ இதைக் கடைசிவரை படிப்பாய். நீளமாக இருக்கிறது என்று சலித்துக்கொள்ளாதே. சம்பளம் வாங்கிய காலம் முழுக்க அரசாங்க அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் மேஜைமேல் குனிந்து கிடந்தவள் நான். கோடு போடுவதற்கு முன் இரண்டு தரம் பார்க்கிற பழக்கம் பேச்சிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. இங்கே கரமனையில் காலையிலிருந்து மழை விடவில்லை, ஆற்றுத் தண்ணீர் சிவந்துவிட்டது. உங்கள் பக்கமும் இதே மழைதான் பெய்துகொண்டிருக்கும். நான் எழுதுவது உன் வீட்டுக்குப் பின்னால் நிற்கிற சுவரைப் பற்றி.

மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையே முதலில் சொல்கிறேன், பொறுத்துக்கொள். வட்டியூர்க்காவைத் தாண்டி ஒரு குன்றின் சரிவில் நீ மனை வாங்கினாய். பத்திரத்தில் அது நான்கு மூலையும் ஒழுங்கான செவ்வகம். நிலத்தில் அப்படி இல்லை. தென்மேற்கு மூலையில் குன்றின் செம்மண் நாக்கைப்போல நீண்டு இறங்கி மனைக்குள் புகுந்திருந்தது. அதன்மேல் ஒரு பலாவும் கொஞ்சம் கமுகும் நின்றன. தென்மேற்கு மூலை என்றால் கன்னிமூலை. இந்த ஊரில் வீடு கட்டுகிறவர்களிடம் அந்த வார்த்தையைச் சொன்னால் போதும், குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். பெரிய படுக்கையறை அங்கேதான் வர வேண்டும், அந்த மூலை குறைந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். நான் காகிதத்தில் வரைந்து பார்த்துச் சொன்னது ஒன்றுதான். மண்ணை அப்படியே விட்டுவிடலாம், அந்த மூலைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு கோடு இழுத்து மதிலை அதன்மேல் கட்டலாம் என்றேன். தொண்ணூறு பாகைச் செங்கோணம் ஒன்று போய், அந்த இடத்தில் நூற்று முப்பத்தைந்து பாகையில் இரண்டு விரிகோணங்கள் வரும். நான்கு மூலை மனை ஐந்து மூலை ஆகும், அவ்வளவுதான்.

வீட்டுக்கு ஸ்தானம் குறிக்க, வாஸ்து பார்க்க வந்த ஆசாரி என் பென்சில் கோட்டைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். "கன்னிமூல முறியான் பாடில்லா. அவிட மட்டம் வேணம்" என்றார். அந்த மூலை முறியக் கூடாது, அங்கே சுத்தமான செங்கோணம் இருந்தாக வேண்டும் என்பது அவர் தீர்ப்பு. நானும் விடவில்லை. கன்னிமூலை மேடாக இருப்பது நல்லது என்று நீங்கள்தானே சொல்கிறீர்கள், மண் தானாகவே மேடாகத்தானே கிடக்கிறது என்று கேட்டேன். மேடு சரி, ஆனால் மூலை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று சொல்லிவிட்டார். உன் அப்பா உடனே அவர் பக்கம் சாய்ந்தார். "நீ ஆபீஸ்ல கால்வாய்க்குப் படம் வரைஞ்சவளாக்கும். இது வீடு, கேட்டியா" என்றார். கால்வாயையும் மண்ணில்தான் வெட்டுகிறார்கள் என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. நீ என் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாய்.

உனக்குக் கிறுக்கு என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. நீ ஏன் பிடித்த பிடியில் நின்றாய் என்று எனக்கு நன்றாகத் தெரியும். உன் மகள் அச்சு குறைமாதத்தில் பிறந்து ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, யாரோ ஒரு புண்ணியவான் நீங்கள் அப்போது குடியிருந்த வாடகை வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கன்னிமூலையில் சுவர் உள்வாங்கியிருக்கிறது, அதுதான் இப்படி என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று உன் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. பிள்ளை பிழைத்து, எழுந்து, ஓடி, இப்போது நான்கு வயதில் என்னையே அதட்டுகிறாள். ஆனாலும் அந்தப் பேச்சு உன் காதில் தங்கிவிட்டது. சொந்த வீட்டில் ஒரு மூலையும் குறையக் கூடாது என்று நீ முடிவு செய்தது அவளுக்காகத்தான். இப்போது அதே மூலையை ஒட்டிய அறையில், ஜன்னலுக்குக் கீழே, அவளுடைய குட்டிக் கட்டில் கிடக்கிறது. ஜன்னலுக்கு வெளியே நாலு எட்டில் அந்தச் சுவர்.

நீ பள்ளிக்கூடத்தில் முதல் தடவை கோணமானி வாங்கி வந்த நாள் நினைவிருக்கிறதா? ஆரியசாலைக் கடையில் அப்பா வாங்கித் தந்த தகரப் பெட்டியில் இருந்தது. நீ மலையாளத்தில் படித்தாய், செங்கோணத்தை மட்டகோண் என்பாய். நான் நாகர்கோவிலில் தமிழில் படித்தவள், அதனால் நம் வீட்டில் ஒவ்வொரு கோணத்துக்கும் இரண்டு பெயர். வீட்டுப்பாடத்தில் இருந்த ஒரு கோணம் பார்த்தாலே தெரியும்படி அகலமாக விரிந்து கிடந்தது. நீ கோணமானியை வைத்து "அறுபது" என்றாய். கோணமானியில் இரண்டு வரிசை எண்கள் உண்டு, ஒன்று இடமிருந்து ஏறும், மற்றது வலமிருந்து ஏறும். நீ தப்பான வரிசையைப் படித்திருந்தாய். அது நூற்றிருபது. "இதுல அறுபதுன்னுதானே எழுதியிருக்கு?" என்று அழுகிற குரலில் என்னோடு மல்லுக்கு நின்றாய். எண்ணைப் படிப்பதற்கு முன் கண்ணால் பார் என்றேன். புத்தகத்தின் மூலையை அதன்மேல் வைத்துக் காட்டினேன். மூலைக்குள் அடங்கினால் குறுங்கோணம், அச்சாகப் பொருந்தினால் செங்கோணம், மூலையைத் தாண்டி விரிந்தால் விரிகோணம். இரண்டு கோடும் ஒரே நேராக நீண்டுவிட்டால் நூற்றெண்பது, அது நேர்கோணம். அதற்கும் மேலே போனால் பின்வளைகோணம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாய், ஒன்றை மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. கோடுகளை எவ்வளவு நீட்டினாலும் கோணம் மாறாது என்றேன். பெரிய கோடு என்றால் பெரிய கோணம்தான் என்று சாதித்தாய். நீ சொன்னதிலும் ஒரு விஷயம் இருந்தது என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. கோணம் மாறாது, ஆனால் கோடு நீள நீள அதன் நுனிகள் விலகிப்போகும் தூரம் கூடிக்கொண்டே போகும். சின்னக் கோணம் என்று அலட்சியமாக விடுகிற இடத்தில் எல்லாம் அதுதான் ஆளை ஏமாற்றுகிறது.

ஜேசிபி வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். வீட்டு வேலை முடிகிற சமயம், வெயில் காலம், மண் காய்ந்து கல்லாக இறுகியிருந்தது. பலா போயிற்று, கமுகு போயிற்று, பிறகு அந்த மண் நாக்கு துண்டு துண்டாகப் போயிற்று. சாயங்காலம் பார்த்தால் வீட்டுக்குப் பின்னால் வெண்ணெயைக் கத்தியால் வெட்டினாற்போல ஒரு சிவப்புச் சுவர் செங்குத்தாக நின்றது. ஆசாரி தன் மூலைமட்டத்தைக் கொண்டுபோய் அந்த மூலையில் வைத்தார். இரும்புக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு நூல் நுழைய இடமில்லை. நீ படம் எடுத்து இந்தக் குழுவில்தான் போட்டாய், எல்லாரும் கைகூப்பிய பொம்மைகளை வரிசையாக அனுப்பினீர்கள். எனக்கு மட்டும் அந்த நேர்த்தியைப் பார்க்கப் பார்க்கப் பிடிக்காமல் போயிற்று. காய்ந்த செம்மண் செங்குத்தாக நிற்கும், ஒரு கோடை முழுக்கக்கூட நிற்கும். நின்றதை வைத்து அது நிற்கும் என்று நம்பிவிடுகிறோம். மண் உதிராமல் இருக்க நீ அதன் அடியில் ஒன்றரை ஆள் உயரத்துக்குக் கருங்கல் சுவர் கட்டினாய், தண்ணீர் வடிய நடுநடுவே குழாய்த் துண்டுகளும் வைத்தாய். குன்றின் பக்கம் கொஞ்சம் சாய்த்துக் கட்டச் சொன்னேன். பார்க்கக் கோணலாக இருக்கும் என்று அதையும் தொண்ணூறிலேயே நிறுத்தினீர்கள். அதற்கு மேலே இன்னும் அவ்வளவு உயரத்துக்கு வெறும் மண்.

உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். புதுவீட்டுப் பால்காய்ச்சு முடிந்த மறுநாள் சமையலறையில் உன் மனைவி சௌம்யா உப்புமாவுக்கு ரவையைத் தாம்பாளத்தில் கொட்டிக்கொண்டிருந்தாள். குவியல் இரண்டு பக்கமும் சரிந்து நின்றது. இன்னும் கொட்டு என்றேன். கொட்டினாள். உயரம் கூடியது, அகலமும் கூடியது, சரிவு மட்டும் அதே சரிவு. கூடுதலாக விழுந்ததெல்லாம் வழிந்து ஓரத்துக்குப் போயிற்று. "எத்தனை போட்டாலும் ஒரே மாதிரிதானே நிக்கறது அம்மா?" என்று ஆச்சரியப்பட்டாள். தட்டோடு அது செய்கிற கோணம் முப்பது முப்பத்தைந்து பாகை இருக்கும், ஒவ்வொரு பொருளுக்கும் அப்படி ஒரு கோணம் உண்டு, அதற்குமேல் நிமிர்த்தி வைத்தால் ஏதாவது ஒன்று அதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்றேன். ஈரக்கையால் ரவையை அமுக்கிப் பிடித்தால் கொஞ்ச நேரம் நேராக நிற்கும், தண்ணீர் கூடினால் கூழாகி உட்கார்ந்துவிடும் என்றும் சொன்னேன். சமையலறை ஜன்னல் வழியாகப் பின்பக்கம் பார்த்தாள். "அப்போ மண்ணு?" என்றாள். மண்ணும் அப்படித்தான் என்றேன். "நீங்க அவர்ட்ட சொல்லுங்கோ. நான் சொன்னா, வெறுதே பயப்படறேன்னு சொல்லுவார்" என்றாள். அன்றிலிருந்து அவள் மழை வரும்போதெல்லாம் எனக்கு ஃபோன் செய்கிறாள். செய்தி ஒன்றும் இருக்காது. "இங்க பெய்யறது அம்மா" என்பாள், வைத்துவிடுவாள்.

நீ ஏன் என்னை நம்பவில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது, அதில் தப்பு என்னுடையது. கரமனை வீட்டு அடுக்களைச் சுவர் சாய்கிறது என்று ஒரு காலத்தில் நான் ஊரைக் கூட்டினேன். உச்சியிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தேன், சுவருக்கும் நூலுக்கும் நடுவே அடியில் நன்றாக இடைவெளி இருந்தது. பாத்திரங்களையெல்லாம் கூடத்துக்கு மாற்றி, உன் அப்பாவை விரட்டி மேஸ்திரியைக் கூட்டி வரச் சொல்லி, இரண்டு வேளை ஹோட்டலில் சாப்பிட்டோம். மேஸ்திரி வந்து தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கட்டின நாளிலிருந்தே அது கோணல் சுவர்தான், இனிமேலும் அப்படியேதான் இருக்கும் என்றார். அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் "அம்மா குண்டை எடுத்தாச்சு" என்று நீங்கள் கேலி செய்கிறீர்கள். செய்யுங்கள். ஆனால் அந்த அசட்டுத்தனத்தில்தான் நான் ஒன்று கற்றுக்கொண்டேன். ஒரு தடவை அளந்தால் சுவர் எப்படி நிற்கிறது என்று மட்டும்தான் தெரியும். அது நகர்கிறதா என்று தெரிய வேண்டுமானால் கொஞ்ச நாள் கழித்து அதே இடத்தில், அதே நூலால் மறுபடி அளக்க வேண்டும்.

அதனால்தான் இந்தத் தடவை வாயைத் திறக்காமல் அளந்தேன். பால்காய்ச்சு அன்று நீங்கள் எல்லாரும் முன்பக்கம் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, நான் பின்னால் போய்ச் சுவர் உச்சியில் நூலைக் கட்டிக் குண்டைத் தொங்கவிட்டேன். நூல் சுவரை உரசிக்கொண்டு அடிவரை இறங்கியது. நல்ல செங்கோணம், ஆசாரியைக் குறை சொல்ல முடியாது. நூல் கட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு வந்தேன். சித்திரை விஷு கழிந்து கோடைமழை இரண்டு மூன்று பெய்தபின் அச்சுவைப் பார்க்க வந்தேனே, அன்று அதே புள்ளியில் தொங்கவிட்டேன். அடியில் என் சுட்டுவிரல் நுழைந்தது. போன ஞாயிற்றுக்கிழமை மழைக்கு நடுவே குடையைப் பிடித்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். நாலு விரலும் சேர்ந்து நுழைந்தன, மகேஷ். கரமனைச் சுவர் இருபது வருஷமாக அசையாமல் கோணலாக நிற்கிறது. உன் சுவர் மூன்றே மாதத்தில் நடக்க ஆரம்பித்திருக்கிறது. அங்கேயே நின்றபடி உன்னைக் கத்திக் கூப்பிட்டது அதற்குத்தான்.

நீ வந்து ஃபோனைச் சுவரில் ஒட்டிவைத்துப் பார்த்தாய். "எண்பத்தெட்டு காட்டறது. ரெண்டு டிகிரிதானேம்மா? சாரமில்லை" என்று பெரிதுபடுத்தாமல் தள்ளிவிட்டாய். நான் சுவரின் தலையைக் காட்டினேன். ஒரு பாகை என்பது வட்டத்தை முந்நூற்று அறுபதாகப் பங்கு போட்டதில் ஒரு பங்கு, கோணமானியில் அது எறும்புக்கால் அளவுதான். ஆனால் ஒன்றரை ஆள் உயரத்தில் அதே இரண்டு பாகை ஒரு கை அகலம் ஆகிறது, அதற்கு மேலே குன்றின் உயரத்தில் எவ்வளவு ஆகும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். இன்னொன்றையும் சொல்ல வந்தேன், அதற்குள் நீ உள்ளே போய்விட்டாய். உன் பக்கம் தரைக்கும் சுவருக்கும் நடுவே எண்பத்தெட்டு, அது குறுங்கோணம். சுவருக்கு அந்தப் பக்கம், மண் இருக்கிற பக்கம், அதே சாய்வு தொண்ணூற்றிரண்டு, விரிகோணம். இரண்டையும் கூட்டினால் எப்போதும் நூற்றெண்பதுதான் வரும். உன் பக்கத்தில் குறைந்தது எதுவும் காற்றில் கரைந்துவிடவில்லை, அந்தப் பக்கத்தில் மண் அதை எடுத்துக்கொண்டிருக்கிறது. நீ உன் வரிசை எண்ணை மட்டும் படித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாய்.

படுக்கையறைக் கதவு மேலே இடிக்கிறது, மூட வரவில்லை என்று தச்சனைக் கூப்பிட்டுச் சீவ வைத்தாய். மழைக்கு மரம் ஊதும் என்று நீயும் சொன்னாய், தச்சனும் சொன்னான். மரம் ஊதும்தான். ஆனால் நான் கதவை விட்டுவிட்டு நிலையை அளந்தேன். நிலையின் ஒரு மேல்மூலையிலிருந்து எதிர்க் கீழ்மூலைக்கு டேப்பைப் பிடித்தேன், பிறகு மற்ற இரண்டு மூலைகளுக்கும் பிடித்தேன். நான்கு மூலையும் செங்கோணமாக இருந்தால் இரண்டு அளவும் ஒன்றாக இருக்கும். ஒன்றாக இல்லை. ஒரு விரல் வித்தியாசம். இரண்டு மூலைகள் குறுகியிருக்கின்றன, இரண்டு விரிந்திருக்கின்றன. கதவு ஊதியிருந்தால் கதவு மட்டும்தான் மாறும், நிலை நெளியாது. நிலை நெளிகிறது என்றால் அறைக்கு அடியில் மண்ணே நகர்கிறது. சௌம்யா டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தாள். அளவைப் பார்த்தாள். போய் அச்சுவின் கட்டிலை ஜன்னலிலிருந்து கொஞ்சம் இழுத்துப் போட்டாள். நீ சாயங்காலம் வந்து, பிள்ளைக்குக் காற்று வராது என்று மறுபடி தள்ளிப் போட்டாய்.

மேலே குன்றின்மேல் குடியிருக்கிற லீலா சேச்சியிடமும் பேசினேன். என் முழங்காலுக்கு அந்த ஏற்றம் ஆகாது, ஆனாலும் ஏறினேன். அவர்கள் வீட்டுத் துவைக்கிற கல்லிலிருந்து வழிகிற தண்ணீர் எத்தனையோ காலமாகச் சரிவில் இறங்கி உன் மனை ஓரமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. "இப்போ வெள்ளம் தாழோட்டு வரணில்லா அம்மா, எவிடெயோ போகுன்னு" என்றாள். தண்ணீர் இப்போது கீழே வருவதில்லை, எங்கேயோ போய்விடுகிறது. எங்கே என்று நான் போய்ப் பார்த்தேன். நீ வெட்டிய விளிம்புக்குப் பின்னால் ஓர் ஆள் நீளம் தள்ளி, புல்லுக்கு நடுவே விளிம்போடு சேர்ந்தே ஓடுகிற ஒரு வெடிப்பு. குடைக்கம்பியை விட்டுப் பார்த்தேன், பிடிவரை இறங்கியது. தண்ணீர் சத்தமில்லாமல் அதற்குள் போய்க்கொண்டிருந்தது. கீழே இறங்கி வந்து உன் சுவரில் இருக்கிற குழாய்த் துண்டுகளைப் பார்த்தேன். மழை கொட்டிக்கொண்டிருக்கிறது, ஒரு குழாயிலும் ஒரு சொட்டு இல்லை. போன மாதம் செந்தண்ணீர் வடிகிறது என்று முற்றத்தை நீ திட்டிக்கொண்டே கழுவினாய். வடிந்தபோது நான் இவ்வளவு பயப்படவில்லை. இப்போது அத்தனை தண்ணீரும் சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறது.

செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றுமில்லை. மழை விட்ட பிறகு மேலேயிருந்து மண்ணை இறக்கி, அது தானாக நிற்கிற சரிவுக்குக் கொண்டுவர வேண்டும். தகுந்த என்ஜினியரை வைத்துச் செய், என் பேச்சை நம்ப வேண்டாம். சரிவு உன் மனைக்குள் வரும், கன்னிமூலை மறையும், ஐந்து மூலை வரும், அது வந்துவிட்டுப் போகட்டும். அதுவரைக்கும் கரமனையில் இடம் இருக்கிறது, அடுக்களைச் சுவர் கோணலானாலும் நிற்கிறது. இதைத்தான் ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். நீ குரலை உயர்த்தினாய். "அந்த மூலையை மறுபடி முறிக்கச் சொல்றயா? அச்சுவுக்கு எதாவது ஆனா நீ பதில் சொல்லுவியா?" என்றாய். நாம் இரண்டு பேரும் ஒரே பிள்ளையை நினைத்து ஒரே அளவு பயந்துகொண்டிருக்கிறோம், ஆனால் நீ பயப்படுகிற பக்கத்தில் ஒன்றும் இல்லை, நான் கை காட்டுகிற பக்கத்தில் குன்று இருக்கிறது. சரி, வீட்டை விட்டு வர வேண்டாம், அந்த அறையையாவது பூட்டிவிட்டு முன்னறையில் படுங்கள் என்று கெஞ்சினேன். அதற்கும் உன் அப்பா விடவில்லை. "கன்னிமூலை ரூமைப் பூட்டிப் போடக் கூடாதாக்கும். ஆள் கிடக்கணும். ஆத்துக்கு மூத்தவா கிடந்தா இன்னும் விசேஷம்" என்றார். நீயும் தலையை ஆட்டினாய்.

இன்று காலை ஆரஞ்சு எச்சரிக்கை என்று எல்லார் ஃபோனும் கத்தியது. சௌம்யா கூப்பிட்டாள். இந்தத் தடவை "பெய்யறது" என்றுகூடச் சொல்லவில்லை, மழைச் சத்தம் மட்டும் கேட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது, மகேஷ். சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியவில்லை. உன்னைப் பெற்றபோதுகூட நான் இப்படிப் பயந்ததில்லை. மூத்தவர்கள்தானே அங்கே படுக்க வேண்டும், வாருங்கள், நாம் போய்ப் படுக்கலாம் என்று உன் அப்பாவைக் கூப்பிட்டேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அங்க கொசு ஜாஸ்தி" என்றார்.

ஆகவே நான் வருகிறேன். கிழக்கேகோட்டையில் பஸ் ஏறி இருட்டுவதற்குள் வந்துவிடுவேன். சௌம்யாவையும் அச்சுவையும் நான் வருவதற்குள் ஆட்டோவில் கரமனைக்கு அனுப்பி வை, உன் அப்பா சாதம் வடித்து வைப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். கன்னிமூலை அறை காலியாக இருக்கக் கூடாது என்றால் இருக்க வேண்டாம், வீட்டுக்கு மூத்தவள் நானே அங்கே படுத்துக்கொள்கிறேன். இன்று மட்டும் இல்லை, இந்த மழைக்காலம் முடிகிறவரை. அந்தச் சுவர் நிற்கும் என்று உனக்கு மெய்யாகவே நம்பிக்கை இருந்தால், நான் படுத்தபின் விளக்கை அணைத்து, கதவைச் சாத்திவிட்டு, நீ முன்னறையில் போய் நிம்மதியாகத் தூங்கு. நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். கதவைச் சாத்த உனக்குக் கை வரவில்லை என்றால், என் பையை நான் பிரித்திருக்க மாட்டேன், எடுத்துக்கொண்டு என்னோடு கிளம்பு.

அம்மா